கோல்ப் கிளப்பில் சேருமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் ஒரு நாள் கடை கட்டும் நேரத்தில் என் மூத்த மகன் மெல்லப் பேச்சை எடுத்தான். "அப்பா, கோல்ப் கிளப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். நம்ம லைனிலேயே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் பழக்கம் கிடைக்கும். வியாபாரத்துக்கு நல்லது" என்றான். எனக்கு மறுக்க வாய் வரவில்லை. 1998-ல் நானும் இதையே சொல்லி ஒரு கிளப்பில் சேர்ந்தவன்தான்.

பருப்பு மண்டியில் அந்த ஆண்டு கையில் கொஞ்சம் பணம் நின்றது. சரக்கில் போட வேண்டியதை நுழைவுக் கட்டணமாகக் கட்டினேன். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் என்று இரண்டு பேர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். மட்டைகள் வாங்கினேன். முதல் ஆண்டு பதினோரு முறை ஆடினேன். அடுத்த ஆண்டு மூன்றே முறை. மைதானம் ஊரின் மறுகோடியில். விடியற்காலை லோடு இறங்கும் நேரத்தில் முதலாளி அங்கே நின்றால் கடையில் எடை என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தா பாக்கி விழுந்து, கடைசியில் பெயரை நீக்கினார்கள். கட்டிய பணம் கட்டியதுதான்.

கோல்ப் கெட்ட விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. 18 குழிகளும் ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவும் நடை. கல்லாவில் உட்கார்ந்தே சர்க்கரை வியாதியைத் தேடிக்கொண்ட நமக்கு அது மருந்து. ஹேண்டிகேப் என்ற கணக்கு இருப்பதால் கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் சேர்ந்தே ஆடலாம். தவறு நான் தேர்ந்தெடுத்த விதத்தில். சரக்கைப் பார்க்காமல் சாக்கில் அச்சடித்த பெயரைப் பார்த்து வாங்கினேன். ஆகவே மகனிடம் நான்கு விஷயங்கள் சொன்னேன். அதை நம் சங்க உறுப்பினர்களுக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலாவது, தூரமும் நேரமும். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ப் கிளப் புகழ் பெற்றதுதான். ஆனால் மதுரையில் கடை வைத்திருப்பவர் அங்கே சேர்ந்தால் கோடை விடுமுறைக்குத்தான் பயன்படும். சென்னைக்காரருக்கு நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கிளப்பானாலும் காலை ஆறு மணிக்கு ஆட இடம் கிடைக்குமா, ஆடிவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்ப முடியுமா என்று பாருங்கள். விருந்தாளியாக நாலு முறை போய்ப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, நிலம் யாருடையது? கிண்டி குதிரைப் பந்தயத் திடல் 160 ஏக்கர். அதன் 99 ஆண்டுக் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு நிலத்தைக் கையகப்படுத்தியது. ஜிம்கானா கிளப்பினர் கோல்ப் ஆடி வந்ததும் அந்தத் திடலுக்குள்தான். கடை வாடகைக்கு எடுக்கும்போது பத்திரம் பார்க்கிறோம். லட்சக் கணக்கில் கட்டப்போகும் இடத்தின் குத்தகை எத்தனை ஆண்டுக்கு என்று கேட்பதில் வெட்கம் என்ன?

மூன்றாவது, பணம். கட்டுவதில் எவ்வளவு டெபாசிட், எவ்வளவு திரும்பாத கட்டணம்? நமக்குப் பின் மகனுக்கு உறுப்பினர் உரிமை மாறுமா? மாதச் சந்தாவுக்கு மேல் பந்து பொறுக்கும் பையனுக்கு, மட்டை தூக்குபவருக்கு, சாப்பாட்டுக்கு என்ன ஆகும்? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கிளப் பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தாலும், அச்சட்டத்தின் 17(5) பிரிவுப்படி கிளப் உறுப்பினர் கட்டணத்துக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கடைச் செலவில் எழுதுமுன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

நான்காவது, மரியாதை. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்தார் என்று உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் அந்தத் தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. ஆடும்போது பேண்ட் போடுவது விளையாட்டு முறை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மகனோடு உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க வேட்டியோடு நான் போனால், வாசலில் இருப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை வைத்தே அந்தக் கிளப்பை எடை போட்டுவிடலாம்.

மகன் சொன்ன 'பழக்கம்' பற்றியும் ஒரு வார்த்தை. கிளப்பில் பழகிய ஒருவருக்கு 30 நாள் தவணையில் சரக்குக் கொடுத்தேன். மற்றவரிடம் கறாராகக் கேட்கிற எனக்கு அவரிடம் கேட்க நாக்கு எழவில்லை. அந்தப் பாக்கி வரவே இல்லை. கூட நடப்பவரோடு நட்பு வைக்கலாம். பேரேட்டில் அவருக்குத் தனிச் சலுகை வைக்கக் கூடாது.

மகன் இப்போது நண்பரின் விருந்தாளியாகச் சனிக்கிழமைதோறும் போகிறான். 9 குழியோடு நிறுத்திக்கொண்டு ஒன்பதரைக்குக் கடைக்கு வந்துவிடுகிறான். ஆறு மாதம் இப்படியே போய் வரட்டும். அப்போதும் ஆசை குறையாமல் இருந்தால் நானே செக் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.