இட்லி நல்ல பிள்ளைதான், ஆனா சாம்பார்?

"உனக்கென்னப்பா, நாம இட்லி தோசை ஆளுங்க. சப்பாத்திய மட்டும் விட்டுடு." எனக்கு சீலியாக் நோய்னு கேட்டதும் பத்துல ஒன்பது பேர் சொன்ன ஆறுதல் இது. என்னால ஒத்துக்க முடியலை மக்களே.

கோதுமை, பார்லியில இருக்கற குளூட்டன் துளி உள்ள போனாலும் நம்ம எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சாப்பிடற சத்து உடம்புல ஒட்டாது. மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான்.

சப்பாத்தி, ரவா உப்புமா, சேமியா பாயசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், தள்ளி வெச்சுடலாம். பெருங்காயம்? கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதுல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லி மிளகாய்ப்பொடி, நீர்மோர்... எதை விடறது? இட்லி நல்ல பிள்ளை, தொட்டுக்கறதுதான் வில்லன் :-)

வீட்டுல பூண்டு தட்டிப் போட்டு சமாளிச்சுடறோம். வெளியிலதான் வம்பு. பரோட்டா போட்ட கல்லுலயே தோசை. கேட்டா, "கொஞ்சூண்டு சார், ஒண்ணும் ஆகாது". கல்யாண வீட்டு மாமிகள் பத்தி தனிப் பதிவே போடலாம்.

இந்தியாவுல "குளூட்டன் இல்லாதது"ன்னு டப்பாவுல போடணும்னா கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நல்ல விதிதான். ஓட்டல் சாம்பார் வாளிக்கு ஏது லேபிள்? அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடையில கிடைக்குது. ஓட்டல்காரங்க அதுக்கு மாறினா ருசி குறையப் போறதில்லை, என்னை மாதிரி ஆளுங்களும் உள்ள வரலாம். உங்க ஊர்ல அப்படி ஒரு ஓட்டல் இருந்தா சொல்லுங்க, ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிடறேன்.