செயின் இல்லாத எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா?

செம்பரம்பாக்கத்தைச் சேர்ந்த ஒரு வாசகரின் கேள்வி இது. அவர் மனைவி தினமும் சைக்கிளில் பூந்தமல்லிக்குக் கீரைக்கட்டு கொண்டுபோய் விற்கிறார். போன மாதம் சேலை முந்தானை செயினில் சிக்கி, கீழே விழுந்து கையில் எலும்பு முறிந்துவிட்டது. இப்போது எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்க நினைக்கிறார்கள். செயினே இல்லாமல் ஷாஃப்டில் ஓடும் சைக்கிள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். விலை அதிகம். கடன் வாங்கியாவது அதையே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடன் வாங்கி வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஷாஃப்ட் என்றால் விவசாயிகளுக்குப் புதிதல்ல. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சக்தியைக் கொண்டுபோவது பி.டி.ஓ. ஷாஃப்ட்தான். சைக்கிளிலும் அதே வேலைதான். பெடல் பக்கம் ஒரு கிரவுன்-பினியன், பின்சக்கரத்தில் இன்னொன்று, நடுவில் சுழலும் ஒரு தண்டு. எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் மண் ஏறாது, எண்ணெய்க் கறை படாது, செயின் கழன்று விழும் தொல்லையும் இல்லை. 1890-களிலேயே அமெரிக்காவில் கொலம்பியா என்ற பெயரில் இப்படிப்பட்ட சைக்கிள்கள் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் செயினை அவற்றால் வெல்ல முடியவில்லை. செயின் விலை மலிவு, எடை குறைவு. சுத்தமாக இருந்தால் மிதிக்கும் உழைப்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போய்விடும். ஷாஃப்டில் இரண்டு இடங்களில் சக்தி திசை திரும்புவதால் இழப்பு கூடுதல்.

இதைவிட முக்கியமான விஷயம் மோட்டார் எங்கே இருக்கிறது என்பது. நம் ஊரில் விற்கும் எலெக்ட்ரிக் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. சக்கரத்தை அது நேராகச் சுற்றுகிறது. அந்தச் சக்தி செயின் வழியாகப் போவதே இல்லை. செயின் மிதிப்பதற்கு மட்டும்தான். கடையில் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலேட்டரைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரம் சுற்றி, செயின் சும்மா இருந்தால் அது இந்த வகை. வழியில் செயின் அறுந்தாலும் மோட்டாரிலேயே வீடு வந்து சேரலாம். பெடலுக்கு அருகில் மோட்டார் உள்ள வகையில்தான் மோட்டாரின் பலமும் செயின் மேல் விழும். செயின் சீக்கிரம் தேயும்.

ஷாஃப்ட் வண்டி கூடுதல் பாரம் இழுக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்ற வரம்புக்குள் உள்ள வண்டிக்குத்தான் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அந்தப் பலத்தை ஷாஃப்ட் கூட்டிவிடாது. கீரைக்கூடையைக் கேரியர் தாங்குமா என்பதை, அதில் குறிப்பிட்டிருக்கும் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது உதிரிபாகம். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சாதாரண சைக்கிளின் அரை இஞ்சு செயினும் ப்ரீவீலும் எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மாட்ட அரைமணி நேரம் போதும். ஷாஃப்டின் பினியனில் ஒரு பல் உடைந்தால், விற்றவரையே தேடிப் போக வேண்டும். அவர் வரவழைத்துக் கொடுக்கும்வரை கீரை வியாபாரம் நிற்கும். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றுவதும் அதில் கூடுதல் வேலை. பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை என்பதால் அதில் வித்தியாசம் இல்லை.

இனி சேலை. ஷாஃப்ட் வாங்கினாலும் பின்சக்கரத்தின் கம்பிகள் அப்படியேதான் இருக்கும். முந்தானை அதிலும் சிக்கும். மோட்டார் சுற்றும் சக்கரத்தில் துணி மாட்டினால், கால் நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது. அதனால் தேவைப்படுவது இரண்டு: செயினை முழுவதும் மூடும் கவர், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலைக்கம்பித் தடுப்பு. பல எலெக்ட்ரிக் மாடல்களில் மேலே மட்டும் மூடும் அரை கவர்தான் வருகிறது. முழுக் கவரும் தடுப்பும் பொருத்திக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். சக்கரத்துக்குப் போகும் மோட்டார் ஒயரில் தடுப்புக் கம்பி உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கை கூடி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லி வாங்குவது நல்லது. பிரேக் பிடி அவர் கைக்கு எட்ட வேண்டும்.

செயினை மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுபவர்கள் உண்டு; அதில் இருக்கும் இரும்புத் தூளே செயினைத் தின்றுவிடும். தேய்மானம் பார்க்க இஞ்சு டேப் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24-வது பின் சரியாக 12 இஞ்சில் வர வேண்டும். ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் ப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.