இரவு இரண்டு மணிக்கு யார் பேச்சு செல்லும்?

மதிப்பிற்குரிய மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனைக்குள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவருவது பற்றி இப்போது எங்கு பார்த்தாலும் பேச்சு. டீன்கள் பேசுகிறார்கள், கம்பெனிக்காரர்கள் திரை போட்டுக் காட்டுகிறார்கள். வார்டில் நிற்பவர்களை அழைத்து யாரும் கருத்துக் கேட்டதாக என் காதுக்கு எட்டவில்லை. அதனால்தான் இந்த மடல். நான் கேட்க வந்தது ஒன்றுதான். இயந்திரம் ஒன்றைச் சொல்லி, கட்டிலருகே நிற்கும் ஊழியர் வேறொன்றைச் சொன்னால் யார் சொல்வது செல்லும் என்பதை, இயந்திரத்தை வாங்கும் முன்பே எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இயந்திரமே வேண்டாம் என்று மல்லுக்கட்ட வரவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருப்பதைப் படம் பார்த்துச் சொல்லும் மென்பொருளை கூகுள் உருவாக்கி, 2016ல் ஆய்வாக வெளியிட்டது. அதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் விழித்திரைப் படங்களும் பயன்பட்டன. கண் டாக்டர்களுக்கு நிகராக அது கண்டுபிடித்தது. கண் டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று ஓ.பி. வரிசையைப் பார்த்த எவருக்கும் தெரியும். காசநோய் பரிசோதனையிலும் அப்படித்தான். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்பு எக்ஸ்ரேயைக் கணினியே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் பரிந்துரைத்தது.

அதே கண் மென்பொருள் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்குப் போனபோது என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அங்கே படம் எடுப்பது நர்ஸ்கள். எல்லா இடத்திலும் விளக்கணைத்து இருட்டாக்க ஓர் அறை வாய்க்குமா? முதல் ஆறு மாதங்களில் போன 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. தள்ளுபடியானால் நோயாளி வேறொரு நாளில் வேறோர் ஊரிலுள்ள கண் டாக்டரிடம் போக வேண்டும். அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. தள்ளப்பட்ட சில படங்களில் கோளாறு எதுவும் இல்லை என்று நர்ஸுக்கே தோன்றியது. தோன்றி என்ன பயன், அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லையே. இதை 2020ல் எழுதி வெளியிட்டவர்கள் கூகுளின் சொந்த ஆட்கள்தான். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். நம் டெண்டரில் வரும் கம்பெனிகளிடம் அதை எதிர்பார்க்கலாமா என்பது தங்களுக்கே தெரியும்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு, பிரசவ வார்டுக்கு, வருகிறேன். குழந்தை பிறந்து சற்று நேரமே ஆன பெண். மானிட்டரில் பிரஷர் 110/70. எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் நிலைகொள்ளாமல் புரள்கிறாள். தண்ணீர், தண்ணீர் என்கிறாள். நெற்றியில் பிசுபிசுப்பான வியர்வை, தொட்டால் பாதம் சில்லிட்டிருக்கிறது. அனுபவமுள்ள சிஸ்டர் போர்வையை விலக்கிப் பேடைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். இடுப்புக்கு அடியில் கைவிட்டுத் துணி நனைந்திருக்கிறதா என்று தடவுவார், ரத்தம் அங்கே ஒளிந்து தேங்கும். அடிவயிற்றில் கைவைத்து, கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கியிருக்கிறதா, தளர்ந்து கிடக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். இளவயது உடம்பு நிறைய ரத்தம் போகும்வரை பிரஷரைத் தாக்குப்பிடிக்கும். அப்புறம் ஒரேயடியாக விழும். எண் விழட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நேரம் மிஞ்சாது.

நான் பார்த்த ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு பெண்ணுக்காக நடுராத்திரியில் டியூட்டி டாக்டரை எழுப்பிய சிஸ்டருக்கு மறுநாள் மெமோ வந்தது. கேஸ் ஷீட்டில் பிரஷர் நார்மல் என்று எழுதிவிட்டு டாக்டரைத் தொந்தரவு செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் பிழைத்தாள் என்ற செய்தி மெமோவில் எங்கும் இல்லை. இத்தனைக்கும் அது இயந்திரம் எதுவும் கருத்துச் சொல்லாத காலம். நாளை கட்டில் தலைமாட்டில் ‘அபாயம் குறைவு’ என்று திரை பச்சை காட்டிக்கொண்டிருக்கும்போது அந்த சிஸ்டர் போனைக் கையில் எடுப்பாரா?

இயந்திரம் சொன்னதை மீறி ஏதாவது ஆகிவிட்டால் ‘ஏன் மீறினாய்’ என்பார்கள். அதன்படி நடந்து ஏதாவது ஆகிவிட்டால் ‘உனக்குக் கண் இல்லையா’ என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்த நிலைமையை மாற்றும் இடத்தில் இருப்பவர்கள் மேலே உள்ளவர்கள் மட்டுமே.

இது வெறும் பயம் இல்லை. கிருமித் தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸை முன்கூட்டியே சொல்லும் எபிக் நிறுவனத்தின் மென்பொருள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தங்கள் நோயாளிகளை வைத்துச் சரிபார்த்து 2021ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம், அட்மிட் ஆனவர்களில் 100க்கு 18 பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. இரவில் வார்டு முழுவதையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் சிஸ்டர், ஓயாமல் அடிக்கும் மணியை எத்தனை தடவைதான் ஓடிப்போய்ப் பார்ப்பார்?

போலந்திலிருந்து 2025ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் உறுத்துகிறது. பெருங்குடல் பரிசோதனையில் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் கணினியோடு சில மாதங்கள் வேலை செய்த அனுபவசாலி டாக்டர்கள், கணினி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்த விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியது. ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஆயிரக்கணக்கில் செய்து பழகிய டாக்டர்களுக்கே இப்படி என்றால், திரையைப் பார்த்தே வளரப்போகும் நர்சிங் மாணவிகளை நினைத்துக் கவலையாக இருக்கிறது. கரண்ட் போன ராத்திரியிலும் அந்தக் கர்ப்பப்பையை யாராவது தொட்டுப் பார்த்தாக வேண்டுமே.

நம் துறையிடமே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. காசநோயாளிகளில் உயிராபத்தில் இருப்பவர்களை உடனே பிரித்தெடுக்க 2022ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இந்த ஐந்தும் போதும். ஊழியர் நோயாளியை எழுந்து நிற்கச் சொல்கிறார், நின்று பார்க்கிறார். அளவுகோல் வந்தது, ஆனால் அது ஊழியரின் கண்ணைக் கட்டவில்லை. புதிதாக வரும் எதுவும் இந்த மாதிரி வந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை.

செயற்கை நுண்ணறிவுக்கென்று 2020லேயே நம் மாநிலம் ஒரு கொள்கை வெளியிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் 2023ல் நெறிமுறைகள் தந்தது. நல்லதுதான். ஆனால் கொள்கை கோட்டையில் இருக்கும், நைட் ஷிஃப்ட் வரைக்கும் வந்து சேர்வது சுற்றறிக்கை. அதில் இதை எழுதுங்கள்: திரை என்ன காட்டினாலும் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிட ஸ்டாஃப் நர்ஸுக்கு உரிமை உண்டு, கேஸ் ஷீட்டில் ஒரு வரிக் காரணம் போதும், அதற்காக மெமோ கொடுக்கக் கூடாது. அந்த ஒரு வரிகளை மாதாமாதம் சேர்த்துப் படித்தால், இயந்திரம் நம் வார்டில் எங்கே கோட்டை விடுகிறது என்று கம்பெனியைக் கேட்காமலே தெரிந்துவிடும். மானிட்டர் வந்துவிட்டது என்று காரணம் காட்டி காலிப் பணியிடங்களைக் கிடப்பில் போடும் யோசனை யாருக்காவது இருந்தால், அதையும் அந்தச் சுற்றறிக்கையிலேயே தடுத்துவிடுங்கள்.

வரைவு எழுதும் மேஜையில் நைட் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள் இரண்டு பேரையும் ஒரு கிராம சுகாதார செவிலியரையும் உட்கார வையுங்கள். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்க வேண்டாம். டியூட்டி முடித்தவர்கள் அப்போதுதான் வீட்டுக்குப் போய்க் கண்ணயர்வார்கள். மாலை நான்கு மணி என்றால் கட்டாயம் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்