குப்பை அள்ள மட்டும் கூப்பிடுகிறார்கள்

எங்கள் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை துப்புரவுப் பணி என்றால் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துவிடுகிறது. கையுறை, சாக்குப்பை, மோர் எல்லாம் தயாராக இருக்கும். நாங்களும் தவறாமல் போகிறோம். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்கள் என்று தெருவே திரண்டு, முழங்கால் சேற்றில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுகிறது. ஆனால் அதே ஏரியில் எங்கே எவ்வளவு ஆழம் தோண்டுவது, எந்தக் கரைக்குக் கான்கிரீட் போடுவது, விளக்குக் கம்பம் எங்கே நடுவது என்று முடிவெடுக்கும்போது எங்களில் ஒருவருக்கும் தகவல் சொல்வதில்லை. பொக்லைன் வந்து இறங்கிய பிறகுதான் விஷயமே தெரிகிறது.

போன கோடையில் தூர் வாரினார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாரத்தான் வேண்டும். ஆனால் வடகரையை ஒட்டிக் கணுக்கால் அளவே தண்ணீர் நிற்கும் மேடு ஒன்று இருந்தது. நெடுங்கால் உள்ளான்களும் கொக்குகளும் இரை தேடியது அங்கேதான். அதை அடுத்த கட்டாந்தரையில் ஆட்காட்டிகள் முட்டையிடும். அவற்றுக்குக் கூடென்று ஒன்றும் கிடையாது. மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் முட்டை காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. அவை முட்டையிடுவதும் கோடையில், நாம் தூர் வாருவதும் கோடையில். தினமும் அங்கே ஆடு மேய்க்கிற அம்மாவைக் கேட்டிருந்தால் இன்ன இடம் என்று கை நீட்டிக் காட்டியிருப்பார். யாரும் கேட்கவில்லை. மேட்டையும் சேர்த்து ஒரே ஆழத்துக்கு வெட்டி, கரையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். இப்போது நீர்க்காகமும் முக்குளிப்பானும் வருகின்றன. தண்ணீரில் நடந்து இரை தேடும் பறவைகளுக்குக் கால் வைக்க இடமில்லை.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்த இளைஞரிடம் கேட்டேன். “எஸ்டிமேட் எல்லாம் போட்டாச்சு சார், இனிமே ஒண்ணும் மாத்த முடியாது” என்றார். அவர் மேல் கோபமில்லை. எஸ்டிமேட் போடும் முன்பு எங்களிடம் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

சட்டத்தில் இடமில்லாமலா போயிற்று? ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், ஊராரைக் கேட்டு மக்கள் பல்லுயிர் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. எங்கள் பகுதிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. வயல் இருந்தவரை ஏரிக்குக் கேட்பார் இருந்தார்கள். மதகை எப்போது திறப்பது, வாய்க்காலை யார் வெட்டுவது என்று ஏரிப் பாசனம் பெற்ற ஆயக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களைத்தான் சங்கமாகச் சேர்த்தது. 2017இல் குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோதும் வேலையைப் பாசனதாரர் சங்கங்களிடமே கொடுத்தார்கள். எங்கள் சென்னைப் புறநகரில் வயல்கள் மனைகளாகிவிட்டன. ஆயக்கட்டு போனது, அதோடு ஏரியைப் பற்றிப் பேசும் உரிமையும் போய்விட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறுவதற்கும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருப்பதற்கும் இந்த ஏரிதான் கதி. ஆனால் காகிதத்தில் அவர்கள் இந்த ஏரிக்கு யாருமில்லை. 2015 வெள்ளத்தில் தண்ணீர் எந்தத் தெரு வழியாக ஏறியது என்று இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளைச் சுடக் கூடாது என்று போராடி, 1858இல் செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது சரணாலயமானதும், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் எல்லாம் பிறகு வந்தவை. ஊரார் காத்த ஏரிக்குத்தான் அரசு பெயர்ப்பலகை வைத்தது.

நாங்கள் நிர்வாகத்தையே எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. டெண்டருக்கு முன்னால் வரைபடத்தைக் கரையில் ஒட்டுங்கள், தமிழில் ஒட்டுங்கள். ஒரு மாலை வந்து உட்கார்ந்து பேசுங்கள். வலை போடுகிறவரையும் ஆடு மேய்க்கிறவரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

மழைக்கு முன்னால், உபரி நீர் வழியும் கலங்கலை இடித்துக் கட்டப் போகிறார்களாம். உயரத்தைக் கூட்டினால் மேற்குத் தெருக்களுக்குள் தண்ணீர் புகும். குறைத்தால் தை மாதத்திலேயே ஏரி வற்றிவிடும். எவ்வளவு உயரம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஜல்லியும் கம்பியும் வந்து இறங்கிவிட்டன.