அருளர், கலா, மாயா

மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். தகப்பனார் ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர், இயக்கப்பெயர் அருளர். வீட்டில் அவர் இருந்த நாள்கள் குறைவு. இடையில் கொஞ்ச காலம் சென்னை. 1986இல் தாயோடும் கூடப்பிறந்தவர்களோடும் அகதியாகத் திரும்பவும் லண்டன். பாடகி எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்குத் தெரியும்.

புலம்பெயர் கவிதையையும் நாவலையும் விரிவாகப் பேசிய நம் சிற்றிதழ்ச் சூழல் இவரைப் பேசியதேயில்லை எனலாம். ஆங்கிலப் பாட்டுதானே என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். இழப்பு நமக்குத்தான்.

ஓவியமும் திரைப்படமும் படித்தவர், முறையாக இசை கற்காதவர். எம்சி-505 என்ற தாளக்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினார். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தகப்பன் பெயர். 2007இல் வந்த அடுத்ததற்குத் தாய் பெயர், ‘கலா’. மூன்றாவதற்குத்தான் தன் செல்லப்பெயர், ‘மாயா’. ‘கலா’வுக்காகத் தமிழ்நாட்டு உறுமிக்காரர்களை அடிக்க வைத்துப் பதிவுசெய்தார். அந்தப் பாடல்களில் உறுமி இலை ஓரத்து ஊறுகாய் அல்ல. பாட்டே அதன்மேல்தான் நடக்கிறது.

பாட்டுக்கு முன் வரைந்த படங்களில் ஈழத்துப் போர்ச் சின்னங்களையும் லண்டன் தெருவையும் பளிச்சென்ற நிறங்களில் ஒன்றாகத் தெளித்தார். வன்முறையைக் கொண்டாடுகிறார் என்றார்கள். அவர் அரசியலாகச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்னங்கள் ஒரு பிள்ளை தெருவில் பார்த்து வளர்ந்தவை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் துப்பாக்கியும் கல்லாப்பெட்டியும் தாளமாகின்றன. குடியேறி வந்தவர்களைக் கண்டு ஊர் கொள்ளும் அச்சத்தை அந்தக் குடியேறிகளின் வாயாலேயே பாடவைத்தார். தன்னை விளக்கிச் சொல்லி இடம் கேட்கவில்லை. இந்தத் துணிச்சலே அவர் கலையின் உயிர் என்று கருதுகிறோம்.

இரண்டு உலகங்களுக்கு இடையே வளரும் பிள்ளைகள் நம்மிடமும் உண்டு. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அரசு அகதி என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்றாக்கியது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ், பள்ளியில் ஒரு தமிழ். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு வாழ்க்கை. இவர்களை எழுதச் சொல்கிற நாம் கண்ணீர்க்கதையைத்தான் எதிர்பார்க்கிறோம். மாயாவிடமும் அதையே கேட்டிருந்தால் அந்த உறுமி நமக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த இதழில் எட்டுப் பக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு. பாட்டு, படம், கோபம், கிண்டல், எதுவானாலும் களமருதூர் முகவரிக்கு அனுப்புங்கள். உங்கள் பேச்சைத் திருத்தாமல் அச்சிடுவோம்.