பற்காரை: அஞ்சவேண்டியது எதற்கு?

 

"பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆட்டங்கண்டுவிடும்" என்னும் பேச்சு நம் வீடுகளில் வெகுநாளாக உலவி வருகிறது. இதற்கு அஞ்சியே பலர் பல் மருத்துவரை நாடாமல் இருந்து, முடிவில் சொத்தையில்லாத நல்ல பற்களையும் இழந்துவிடுகின்றனர். உண்மை எதுவென அறிந்துகொள்வோம்.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே அதன்மீது பிசுபிசுப்பான மெல்லிய படலம் படியத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதனைப் 'பிளாக்' என்பர். இது வெறும் உணவுத் துணுக்கு அன்று, கிருமிகளின் குடியிருப்பு. 1683ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், பல்லில் படிந்திருந்ததைத் தம் உருப்பெருக்கியில் நோக்கி, நுண்ணுயிர்கள் அதில் அசைவதைக் கண்டு எழுதினார்.

இப்படலம் பிரஷுக்கும் மிஸ்வாக்கிற்கும் எளிதில் நீங்கிவிடும். நீக்காது விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதில் படிந்து, சில நாட்களில் இறுகிக் காரையாகிறது. உமிழ்நீர் சுரந்து வரும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் காரை மிகுதியாகச் சேரும்.

இறுகிய காரையை எந்தப் பற்பொடியும் அகற்றாது. கிருமிகள் அதன்மீது மேலும் படிய, ஈறு வீங்கி இரத்தம் கசியும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். அந்நிலையில் ஆடும் பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருக்கும். அதை அகற்றியதும், மறைந்திருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. நோய் செய்த கேட்டிற்குப் பழி மருத்துவர்மீது விழுகிறது! நீரிழிவு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் ஈறுகளில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

நிறமாற்றம் வேறு. தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறை பல்லின் மேற்புறத்தில் படிவது. மருத்துவர் அதை நீக்கிவிடுவார். செங்கற்பொடி, அடுப்புக்கரி, உப்பு இவற்றால் தேய்த்தால் எனாமல் தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி தெரியும். பல் முன்னிலும் மஞ்சளாகும். தருமபுரி போன்ற இடங்களில், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குழந்தைப் பருவத்தில் பருகியோருக்கு ஏற்படும் பழுப்புக் கறை பல்லின் உள்ளேயே இருப்பது, துலக்கினால் போகாது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள். அதுவும் குழந்தையின் பல்லில் நீங்காக் கறையை உண்டாக்கும். அடிபட்ட பின் ஒரு பல் மட்டும் கருத்தால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான பிரஷால் காலையிலும் உறங்குமுன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தையும் உட்புறத்தையும் மறவாதீர்கள். இரத்தம் கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். சில நாட்களில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். காரையை அகற்றிய பின் சில நாள் பற்கூச்சம் இருக்கலாம், அஞ்சவேண்டாம். ரமளானில் ஸஹர் உணவுக்குப் பின் துலக்கிவிட்டு நிய்யத் வையுங்கள்.

தொழுகைதோறும் மிஸ்வாக் செய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மிகவும் விரும்பினார்கள். படலம் காரையாக இறுகச் சில நாட்களாவது வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து வேளையும் முறையாகத் துலக்குபவரின் வாயில் அதற்கு அவகாசம் ஏது? நம் கையிலேயே இருக்கும் இந்த சுன்னத்தைப் பேணி, அல்லாஹ் அருளிய பற்களைக் காப்போமாக!