காற்றுள்ளபோதே சார்ஜ் ஏற்றுங்கள்!

தேனி மாவட்டத்தில் ஆனி, ஆடி வந்துவிட்டால் காற்றுக்குப் பஞ்சமில்லை. கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றோ சுற்றென்று சுற்றுகின்றன. நடுப்பகலில் சூரிய மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது.

மின்சாரம் பெருகினால் நல்லதுதானே? அங்கேதான் சங்கடம்! மின்சாரம் பிறந்த நொடியிலேயே செலவாக வேண்டும். செலவழிக்க ஆளில்லாவிட்டால் காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள். மாலையில் வீடுதோறும் விளக்கு எரியும். அப்போது சூரியன் இருக்காது. நிலக்கரியைத்தான் எரிக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கு இப்படி ஒரு சங்கடத்தை முன்பே வென்றிருக்கிறது. பெரியாற்று வெள்ளம் மேற்கே ஓடிக் கடலில் கலந்து வந்தது. 1895-இல் பென்னிகுவிக் கட்டிய அணை அதைத் தேக்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே வந்தது. வயல்கள் விளைந்தன.

காற்றுக்கும் வெயிலுக்கும் அணை எது? பேட்டரிதான்!

அந்தப் பேட்டரி இப்போது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு மின்சார ஸ்கூட்டரில் சுமார் 3 யூனிட் அடங்கும். ஒரு லட்சம் ஸ்கூட்டர்கள் பகலில் முழுக்கச் சார்ஜ் ஏற்றினால், 3 லட்சம் யூனிட் வீணாகாது. அத்தனை பேரும் மாலை 7 மணிக்கு பிளக்கைச் சொருகினால்? உதவியே உபத்திரவமாகிவிடும்!

ஆகவே, நேரம்தான் முக்கியம். ஆனால், பகலில் வண்டி வீட்டில் நிற்காது. தோட்டத்துக்கும் கடைக்கும் போயிருக்கும். எனவே சந்தை, பஸ் நிலையம், அலுவலகம், கல்லூரி எங்கும் சார்ஜ் ஏற்றும் வசதி வேண்டும்.

கட்டணமும் குறைய வேண்டும். மலைக்கு அப்பால் கேரளத்தில், பொதுச் சார்ஜ் நிலையங்களில் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை கட்டணம் குறைவு. மற்ற நேரத்தில் அதிகம். சூரியன் காயும் நேரத்தில் கட்டணம் குறைய வேண்டும் என்று மத்திய அரசும் 2023-இல் விதி வகுத்தது. அந்தச் சலுகை இங்கே சாதாரணக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும். நாலு காசு மிச்சமானால் மக்கள் தாமாகவே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

நாளை இன்னொரு நன்மையும் உண்டு. பகலில் ஏற்றிய மின்சாரத்தை மாலையில் வண்டியே திருப்பித் தரும். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக் கார்கள் இதைச் செய்யத் தொடங்கிவிட்டன.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றார்கள் பெரியவர்கள். களத்து நெல்லுக்குச் சொன்னது மின்சாரத்துக்கும் பொருந்தும். வெள்ளத்தைத் தேக்கி வாழ்ந்த பூமி இது. காற்றை மட்டும் ஏன் வீணாக விடவேண்டும்?